எலுமிச்சை வெண்ணெய் சாஸில் சிக்கன் கட்லெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து இந்தச் சிக்கனைச் சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் மறுநாளே போன் செய்து செய்முறை கேட்பார்கள். சொல்லிவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுப்பு பக்கத்திலிருந்து இன்னொரு போன் வரும். கறி ஒட்டிக்கொண்டது, சாஸ் பிரிந்துவிட்டது, கசக்கிறது என்று. வியாசர்பாடியிலிருந்து வந்தாலும் ராயபுரத்திலிருந்து வந்தாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். புதிதாகச் செய்கிறவர்கள் முதல் ஏழெட்டுக் கேள்விகளைப் படித்தால் போதும், சமைத்துவிடலாம். மற்றவை செய்து பார்த்தவர்களுக்கு.

கட்லெட்டுன்னா உருளைக்கிழங்கு பிசைஞ்சு, தட்டி, பொரிக்கிறதுதானே? இது என்ன புதுசா?

டீக்கடையில் கிடைக்கும் அந்தக் கட்லெட் வேறு. இங்கே கட்லெட் என்பது எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியை மெல்லிசாகச் சீவி, தட்டி எடுத்த முழுத் துண்டு. அதை மைதாவில் லேசாகப் புரட்டி, கொஞ்சம் எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க வறுத்து, அதே பாத்திரத்தில் எலுமிச்சைச் சாறும் வெண்ணெயும் சேர்த்து ஒரு சாஸ் செய்து மேலே ஊற்றுகிறோம்.

இத்தாலியில் பிக்காட்டா என்று கன்றுக்கறியில் செய்வது இதற்கு மூலம். அமெரிக்காவுக்குக் குடிபோன இத்தாலியர்கள் கோழியில் செய்து பரப்பினார்கள். அடித்த முட்டையிலும் தோய்த்து வறுத்தால் அதை பிரான்செஸே என்கிறார்கள். கறியைத் தட்டி வறுக்கிற வேலை பெரம்பூருக்குப் புதிதல்ல. ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ரொட்டித்தூள் புரட்டி சாப்ஸ் செய்வதை இந்தப் பக்கத்துப் பழைய ஆட்களுக்குத் தெரியும். நமக்குப் பழக்கமில்லாதது அந்த சாஸ்தான். கேள்விகளில் பாதிக்குமேல் அதைப் பற்றித்தான் வருகின்றன.

நாலு பேருக்கு என்னென்ன வேணும்?

எலும்பில்லாத நெஞ்சுக்கறி அரை கிலோ (பெரிய துண்டாக இரண்டு), மைதா அரை கப், உப்பு ஒரு டீஸ்பூன், அப்போதே இடித்த மிளகு ஒரு டீஸ்பூன், எண்ணெய் மூன்று டேபிள் ஸ்பூன், வெண்ணெய் 60 கிராம், பூண்டு நாலு பல், கோழி எலும்பு வேகவைத்த தண்ணீர் முக்கால் கப், எலுமிச்சைச் சாறு இரண்டு டேபிள் ஸ்பூன், ஒரு பிடி கொத்தமல்லி. எண்ணெய் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ இருக்கட்டும். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசனை எலுமிச்சையை அமுக்கிவிடும்.

கடையில் கிடைக்கிற மஞ்சள் வெண்ணெய் பெரும்பாலும் உப்பு போட்டது. அதனால் சாஸில் கடைசிவரை உப்பு போடாதீர்கள். வெண்ணெய் கரைந்த பிறகு ருசி பார்த்து, வேண்டுமானால் ஒரு சிட்டிகை.

முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சுல சொல்லிடுங்களேன்.

சரி. ஒவ்வொரு நெஞ்சுக்கறித் துண்டையும் பலகையில் படுக்க வைத்து, மேலே உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, கத்தியைப் பலகைக்கு இணையாகச் செலுத்தி இரண்டாகப் பிளக்கவும். நாலு துண்டு கிடைக்கும். தட்டி ஒரே கனமாக ஆக்கவும். ஈரத்தை ஒற்றி எடுத்து, உப்பு, மிளகு தூவவும். மைதாவில் புரட்டி, நன்றாக உதறவும். அகலமான பாத்திரத்தில் எண்ணெயும் ஒரு டீஸ்பூன் வெண்ணெயும் காயவைத்து, இரண்டிரண்டு துண்டாக, பக்கத்துக்கு மூன்று நிமிடம் வறுத்து ஒரு தட்டில் எடுத்து வைக்கவும்.

பாத்திரத்தில் ஒரு டீஸ்பூன் அளவு எண்ணெய் மட்டும் இருக்கட்டும், மிச்சத்தை வடித்துவிடவும். தீயைக் குறைத்து, நசுக்கிய பூண்டைப் போட்டு, வாசனை வந்ததும், நிறம் மாறுவதற்குள், எலும்புத் தண்ணீரை ஊற்றவும். அடியில் ஒட்டிய பழுப்பை மரக்கரண்டியால் சுரண்டிக் கரைக்கவும். தண்ணீர் பாதியாக வற்றியதும் எலுமிச்சைச் சாறு. ஒரு கொதி வரும் முன்பே அடுப்பை அணைத்துவிட்டு, குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாத்திரத்தைச் சுழற்றவும். சாஸ் பளபளவென்று, கரண்டியின் பின்பக்கத்தில் மெல்லிசாகப் படிகிற பதம் வந்துவிடும். கறித் துண்டுகளையும் தட்டில் இறங்கியிருக்கும் சாற்றையும் சேர்த்து ஒரு முறை புரட்டி, கொத்தமல்லி தூவி உடனே பரிமாறவும். தட்டுகிற வேலை போக, மொத்தமே இருபது நிமிடம்தான்.

பாய் கடையில என்னன்னு கேட்டு வாங்கறது?

"எலும்பில்லாத நெஞ்சு பீஸ், முழுசா கொடுங்க, துண்டு போட வேணாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பேச்சு முடிவதற்குள் சிக்கன் 65 அளவுக்கு நறுக்கிவிடுவார்கள். நல்ல கடைக்காரரிடம் கேட்டால் குறுக்கே பிளந்தும் தருவார். எலும்பையும் கழுத்தையும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை நாலு மிளகு, அரை வெங்காயத்தோடு முக்கால் மணி நேரம் வேகவைத்தால் சாஸுக்கான தண்ணீர் தயார்.

நாட்டுக்கோழி இதற்கு வராது. நெஞ்சுக்கறி சின்னதாக, நார் நாராக இருக்கும். அது நிதானமாக வேக வேண்டிய கறி. இங்கே ஆறு நிமிடத்தில் வேலை முடிய வேண்டும். பிராய்லரே நல்லது. தொடைக்கறியை எலும்பு நீக்கி விரித்தும் செய்யலாம். பக்கத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், ஆனால் வறண்டு போகாது. பயந்து பயந்து சமைப்பவர்களுக்குத் தொடைக்கறியையே சொல்வேன்.

தட்டியே ஆகணுமா? எங்ககிட்ட கறி தட்டுற சுத்தியல் இல்லையே.

தட்டத்தான் வேண்டும். நெஞ்சுக்கறி ஒரு முனையில் தடியாகவும் மறுமுனையில் மெல்லிசாகவும் இருக்கும். அப்படியே வறுத்தால் தடித்த பக்கம் வேகும்போது மெல்லிய பக்கம் சக்கையாகிவிடும். துண்டு முழுவதும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான கனம் இருந்தால் எல்லா இடமும் ஒன்றாக வெந்து, சாறும் உள்ளேயே நிற்கும்.

சுத்தியல் தேவையில்லை. கழுவிக் காயவைத்த எண்ணெய்க் கவரை வெட்டி விரித்து, அதற்குள் கறியை வைத்து மூடி, சப்பாத்திக் கட்டையாலோ கனமான சொம்பின் அடியாலோ தட்டுங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் கறி கிழிந்துவிடும். பலகைக்கு அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டால் சத்தம் குறையும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் மதியத் தூக்கத்தில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் நினைக்க வேண்டும்.

மஞ்சள்தூள் போட்டு நல்லா கழுவிட்டுத்தான் செய்யணும், இல்லையா?

பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவ வேண்டாம் என்பதுதான் உணவுப் பாதுகாப்பு சொல்பவர்களின் கருத்து. தண்ணீர் தெறிக்கும்போது கிருமி சிங்க், மேடை, பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லி என்று எல்லா இடத்துக்கும் போகும். சூடுதான் கிருமியைக் கொல்லும், தண்ணீர் கொல்லாது. இருந்தாலும் கழுவாமல் சமைக்க நம் வீடுகளில் மனசு வராது என்பதும் எனக்குத் தெரியும். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால், தட்டுவதற்கு முன், ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தெறிக்காமல் அலசி எடுங்கள். பிறகு சிங்க்கை சோப்பு போட்டுத் தேயுங்கள்.

கழுவினாலும் கழுவாவிட்டாலும், அதன்பின் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சுத்தமான துணியாலோ பேப்பர் துண்டாலோ கறியை நன்றாக ஒற்றிக் காயவைக்க வேண்டும். மேலே ஈரம் இருந்தால் எண்ணெயின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். கறியின் மேற்பரப்பு 140 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் நன்றாகச் சிவக்கும். தண்ணீர் இருக்கும் வரை அது 100-ஐத் தாண்டாது. வெளுத்துப்போன கட்லெட்டுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான்.

இஞ்சி பூண்டு விழுது இல்லாம, மிளகாய்த்தூள் இல்லாம கவுச்சி அடிக்காதா?

அடிக்காது. கறி புதிதாக இருந்து, நன்றாகச் சிவந்து, எலுமிச்சையும் மிளகும் சேர்ந்தால் கவுச்சி நிற்காது. விழுது தடவினால் கறி ஈரமாகும், விழுது எண்ணெயில் கருகும், சாஸில் கறுப்புத் துகளாக மிதக்கும். மிளகாய்த்தூளும் மைதாவோடு சேர்ந்தால் சீக்கிரம் கருகிவிடும். மஞ்சள்தூளும் வேண்டாம். சாஸின் அழகே அந்த வெண்ணெய் நிறம்தான்.

காரம் இல்லாமல் இறங்காது என்பவர்கள் மிளகை இரண்டு மடங்காக்குங்கள். இல்லையென்றால், சாஸில் பூண்டு போடும்போது ஒரு பச்சைமிளகாயைக் கீறிப் போட்டு, பரிமாறும் முன் எடுத்துவிடுங்கள். எலுமிச்சையும் பச்சைமிளகாயும் நமக்குத் தெரிந்த ஜோடி. சொல்லப்போனால், எனக்கு மூலச் செய்முறையைவிட இதுதான் பிடிக்கும்.

எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ராத்திரியே ஊற வச்சா இன்னும் டேஸ்ட்டா இருக்குமே?

இருக்காது. எலுமிச்சையின் புளிப்பு கறியின் புரதத்தைச் சூடு இல்லாமலேயே மாற்றிவிடும். மெல்லிய துண்டில் இது சீக்கிரம் நடக்கும். ஓரம் வெளுத்து, வெந்த மாதிரி ஆகி, வறுத்ததும் மாவு மாவாக உதிரும். எலுமிச்சை சாஸில் மட்டும் போதும்.

ஊறவைக்கத்தான் வேண்டும் என்றால் உப்பில் ஊறவையுங்கள். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, தட்டாத கறியை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் போட்டு எடுத்தால் வறுக்கும்போது சாறு அதிகம் இறங்காது. அப்படிச் செய்தால் மேலே உப்பு தூவ வேண்டாம், ஈரத்தை இன்னும் கவனமாக ஒற்ற வேண்டும்.

வீட்ல மைதாவே வாங்குறதில்ல. வேற மாவு போடலாமா?

கோதுமை மாவு போடலாம், நிறம் சற்று அடர்த்தியாக வரும். அரிசி மாவு மொறுமொறுப்பைத் தரும், ஆனால் சாஸ் பட்டதும் சில இடங்களில் உரிந்து வரும். அரிசி மாவும் சோள மாவும் பாதிப் பாதி கலந்தால் உரிவது குறையும். கடலை மாவு வேண்டவே வேண்டாம், பஜ்ஜி வாசனை வந்துவிடும்.

எந்த மாவானாலும் இரண்டு வேலை செய்கிறது. கறியின் மேல் சாஸ் பிடிக்க ஒரு சொரசொரப்பைத் தருகிறது. எண்ணெயில் உதிர்ந்த கொஞ்சம் மாவு சாஸை லேசாகக் கெட்டியாக்கி, வெண்ணெய் பிரியாமல் தாங்குகிறது. மாவு புரட்டிய கையோடு கறியைப் பாத்திரத்தில் போட்டுவிட வேண்டும். கடல் காத்து வீசும் நம் ஊர் ஈரப்பதத்தில் புரட்டி வைத்த மாவு சீக்கிரமே பசையாகிவிடும்.

தோசைக்கல்லுல செய்யலாமா? நான்ஸ்டிக் தவா இருக்கு, அதுல?

இரும்புக் கல்லில் கறி மிக அழகாகச் சிவக்கும். ஆனால் அதே கல்லில் எலுமிச்சை ஊற்றினால் புளிப்பு இரும்போடு சேர்ந்து சாஸ் சாம்பல் நிறமாகி, இரும்பு ருசி வந்துவிடும். பழக்கி வைத்த கல்லின் மெருகும் போகும், மறுநாள் தோசை ஒட்டும். அதனால் வறுப்பதைக் கல்லில் முடித்து, சாஸை எவர்சில்வர் பாத்திரத்தில் செய்யுங்கள். கல்லில் ஒட்டிய பழுப்பை இரண்டு ஸ்பூன் எலும்புத் தண்ணீர் ஊற்றிச் சுரண்டி அதற்குள் சேர்த்துக்கொள்ளலாம். அலுமினியமும் எலுமிச்சைக்கு ஆகாது.

நான்ஸ்டிக்கில் அடியில் பழுப்பே பிடிக்காது, சாஸ் கொஞ்சம் மொட்டையாக இருக்கும். சமாளிக்கலாம். எல்லாவற்றுக்கும் ஏற்றது அடி கனத்த எவர்சில்வர் ஃப்ரை பான். சௌகார்பேட்டைப் பாத்திரக் கடைகளில் கையில் தூக்கிப் பார்த்தே வாங்கலாம். அடி மெல்லிசாக இருந்தால் நடுவில் மட்டும் கருகும்.

எவர்சில்வர்ல போட்டா அப்படியே ஒட்டிக்குது. திருப்பினா பிஞ்சு போகுது.

பாத்திரம் முதலில் காய வேண்டும், பிறகுதான் எண்ணெய், எண்ணெய் காய்ந்த பிறகுதான் கறி. காலியான பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் அது ஆவியாகாமல் முத்து மாதிரி உருண்டு ஓட வேண்டும். அதுதான் பதம். தண்ணீரைத் துடைத்துவிட்டு எண்ணெய் ஊற்றுங்கள்.

கறியைப் போட்ட பிறகு கைவைக்காதீர்கள். எந்தக் கறியும் போட்டதும் ஒட்டத்தான் செய்யும். அடிப்பக்கம் சிவந்து மேலோடு கட்டியதும் தானாக விட்டுவிடும். கரண்டியைக் கொடுத்ததும் எதிர்த்தால் இன்னும் அரை நிமிடம் பொறுங்கள். நாலு துண்டையும் ஒன்றாகத் திணித்தாலும் சூடு இறங்கி, தண்ணீர் விட்டு, ஒட்டும். இரண்டு இரண்டாகத்தான் போட வேண்டும்.

உள்ள வெந்துடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

தெர்மாமீட்டர் இருந்தால், நடுவில் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். இல்லாவிட்டால், தடித்த இடத்தில் கத்தி முனையால் குத்தினால் வரும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். உள்ளே கறி முழுக்க வெள்ளையாக, ரோஸ் நிறம் இல்லாமல் இருக்க வேண்டும். சரியாகத் தட்டிய துண்டுக்குப் பக்கத்துக்கு மூன்று நிமிடம் என்ற கணக்கு தப்பாது.

நம் பழக்கத்தில் இன்னும் ஐந்து நிமிடம் மூடி போட்டு வைப்போம் என்று தோன்றும். அதைத்தான் தடுக்க முயல்கிறேன். மூடினால் ஆவி தண்ணீராகி, சிவந்த மேலோடு ஊறிவிடும், உள்ளே கறி ரப்பராகிவிடும். குழம்பில் கறி நேரம் போகப் போக மெத்தென்று ஆவது எலும்பும் கொழுப்பும் உள்ள துண்டுகளில். நெஞ்சுக்கறியில் கரைவதற்கு எதுவும் இல்லை, நேரம் கூடினால் கூடியபடி வறண்டுதான் போகும்.

வெண்ணெய்க்குப் பதிலா நெய் ஊத்தலாமா? நெய் இன்னும் வாசனையாச்சே.

வறுக்கும்போது எண்ணெயோடு நெய் சேர்ப்பது நல்ல யோசனை. வெண்ணெயிலுள்ள பால் திடப்பொருள் 150 டிகிரி சுமாரிலேயே கருகத் தொடங்கும். நெய்யில் அது இல்லாததால் அதிகச் சூடு தாங்கும்.

சாஸில் மட்டும் நெய் உதவாது. வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதம் சுமார், மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பால் புரதம். அந்தப் புரதம்தான் எலுமிச்சைத் தண்ணீரையும் கொழுப்பையும் பிரியாமல் பிடித்து சாஸைக் கெட்டியாக, பளபளப்பாக வைக்கிறது. நெய்யைக் காய்ச்சி எடுக்கும்போதே தண்ணீரும் புரதமும் போய்விடுகிறது. சாஸில் நெய் ஊற்றினால் அது மேலே மிதக்கும், எவ்வளவு கலக்கினாலும் சேராது. வீட்டில் தயிர் கடைந்து எடுத்த வெள்ளை வெண்ணெய் தாராளமாகப் போடலாம், உப்பு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாஸ் செய்யும்போது நல்லா வந்துச்சு, அப்புறம் எண்ணெய் தனியா பிரிஞ்சுடுச்சு. ஏன்?

வெண்ணெய் போட்ட பிறகு கொதித்திருக்கும். அல்லது வெண்ணெய் ஏற்கெனவே இளகி எண்ணெயாக இருந்திருக்கும். சென்னை வெயிலில் அடுப்படியில் பத்து நிமிடம் வைத்தால் வெண்ணெய் உருகிவிடும். அதனால் சின்னத் துண்டுகளாக நறுக்கி ஃப்ரீசரில் வைத்து, அடுப்பை அணைத்த பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். குளிர்ந்த துண்டு மெதுவாகக் கரையும்போதுதான் சாஸோடு சேரும். பாத்திரத்தைச் சுழற்றிக்கொண்டே இருங்கள், ஒன்று கரைந்த பிறகு அடுத்தது.

பிரிந்துவிட்டால் கொட்ட வேண்டாம். ஒரு டேபிள் ஸ்பூன் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, அடுப்புக்கு வெளியே வைத்து வேகமாக அடியுங்கள். பெரும்பாலும் திரும்பச் சேர்ந்துவிடும்.

லேசா கசக்குது. எலுமிச்சை கெட்டுப் போச்சா?

பழம் கெட்டிருக்காது. நாலு இடத்தைப் பாருங்கள். முதலாவது, விதை. சாஸில் விழுந்து கொதித்தால் கசக்கும், வடிகட்டிப் பிழியுங்கள். இரண்டாவது, பூண்டு பழுப்பேறியிருக்கும். மூன்றாவது, எலுமிச்சை வில்லைகளை அழகுக்காகப் போட்டுக் கொதிக்க விட்டிருப்பீர்கள். தோலுக்கு அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கொதித்தால் கசப்பு இறங்கும். வில்லை வேண்டுமென்றால் பரிமாறும்போது மேலே வையுங்கள்.

நாலாவது காரணம்தான் அதிகம் நடப்பது. முதல் இரண்டு துண்டை வறுத்தபோது உதிர்ந்த மாவு, அடுத்த இரண்டு வேகும் நேரத்தில் கருகிவிடும். முதல் சுற்று முடிந்ததும் பாத்திரத்தைத் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுங்கள். அடியில் இருப்பது பழுப்பாக இருந்தால் அது சாஸின் உயிர். கறுப்பாக இருந்தால் யோசிக்காமல் கழுவிவிட்டு வேறு பாத்திரத்தில் சாஸ் செய்யுங்கள்.

இன்டர்நெட்ல ரெண்டு லெமன் போடச் சொல்லியிருந்தாங்க, நீங்களும் ரெண்டுன்னீங்க, எதுல போட்டாலும் புளிப்பு வேற வேற மாதிரி வருதே?

நான் சொன்னது இரண்டு டேபிள் ஸ்பூன் சாறு, பழக் கணக்கு இல்லை. வெளிநாட்டுக் குறிப்புகளில் வருவது தடித்த தோலுள்ள பெரிய மஞ்சள் பழம். ஒன்றைப் பிழிந்தால் இரண்டு மூன்று டேபிள் ஸ்பூன் வரும், புளிப்பும் சற்று மென்மை. நம் ஊர் எலுமிச்சை சின்னது, தோல் மெல்லிசு, புளிப்பு காட்டமானது. ஒன்றில் ஒரு டேபிள் ஸ்பூன் வந்தாலே நல்ல பழம். கோடையில் சாறே இல்லாமல் இருக்கும். அதனால் எண்ணாதீர்கள், அளந்து ஊற்றுங்கள். முதலில் ஒன்றரை ஊற்றி, வெண்ணெய் கரைந்த பிறகு ருசி பார்த்து மிச்சத்தைச் சேர்ப்பது நல்லது. மீறிப் புளித்துவிட்டால் இன்னொரு துண்டு வெண்ணெயும் ஒரு சிட்டிகை சர்க்கரையும்.

ஒயின், கேப்பர்ஸ் எல்லாம் போடச் சொல்றாங்க. எங்க வீட்ல ஒயின் ஆகாது.

தேவையே இல்லை. ஒயின் தருவது புளிப்பும் கொஞ்சம் மணமும்தான். எலுமிச்சையும் எலும்புத் தண்ணீரும் அந்த இடத்தை நிரப்பிவிடும்.

கேப்பர்ஸ் என்பது ஒரு செடியின் பூமொட்டை உப்பில் ஊறவைத்தது. அதன் வேலை நடுநடுவே உப்பும் உறைப்புமாக நாக்கில் படுவது. அதற்கு நம்மிடம் அருமையான ஒன்று இருக்கிறது. எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் ஊறிய பச்சை மிளகு ஊறுகாய். கொத்திலிருந்து உதிர்த்து இரண்டு டீஸ்பூன் போட்டுப் பாருங்கள். அப்போது கறியில் தூவும் மிளகைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

எங்க வீட்ல எல்லாரும் கிரேவி நிறைய கேப்பாங்க. தண்ணி கூட ஊத்தி, கிரீம் சேர்த்துக்கலாமா?

இது கறி நனைகிற அளவுக்கு மட்டும் செய்கிற சாஸ். ஆளுக்கு மூன்று நாலு ஸ்பூன்தான் வரும். அதிகம் வேண்டுமென்றால் தண்ணீரை மட்டும் கூட்டாதீர்கள். எலும்புத் தண்ணீர், எலுமிச்சை, வெண்ணெய் மூன்றையும் ஒரே கணக்கில் இரட்டிப்பாக்குங்கள். ஒரு டீஸ்பூன் மைதாவை அதே அளவு வெண்ணெயில் பிசைந்து, தண்ணீர் கொதிக்கும்போதே கரைத்துவிட்டால் கெட்டியும் கிடைக்கும்.

பால் ஊற்றினால் திரிந்துவிடும். பன்னீர் செய்வதே அப்படித்தானே. கிரீம் கொழுப்பு அதிகமாக இருந்தால் தாங்கும். எலுமிச்சையைக் குறைத்து, தீயை அணைத்துவிட்டு இரண்டு ஸ்பூன் சேர்க்கலாம். ஆனால் கிரீம் சேர்த்தால் எலுமிச்சையின் கூர்மை மழுங்கிவிடும். நான் சேர்ப்பதில்லை.

சாஸ் ஊத்தினதும் மொறுமொறுப்பு போயிடுதே?

போகும், அதுதான் இதன் இயல்பு. மேலோடு சாஸை உறிஞ்சி மெத்தென்று ஆக வேண்டும். மொறுமொறுப்பு வேண்டும் என்பவர்கள் தட்டில் முதலில் சாஸை ஊற்றி, அதன்மேல் கறியை வைத்துக்கொள்ளலாம்.

எதோட சாப்பிடறது? சோறா, சப்பாத்தியா?

பேக்கரியில் அன்றே போட்ட பிரெட் அல்லது பன், லேசாக வாட்டியது. தட்டில் மிஞ்சும் சாஸைத் துடைத்துச் சாப்பிட அதைவிட நல்லது இல்லை. வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கும் பொருந்தும். சோறு என்றால் சூடான வெறும் சோற்றில் சாஸை ஊற்றிப் பிசையலாம், பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். பக்கத்தில் வெள்ளரிக்காய், வெங்காயம். ரசமோ பிரியாணியோ வேண்டாம், எலுமிச்சை காணாமல் போய்விடும்.

கிறிஸ்மஸுக்கு இருபது பேர் வர்றாங்க. முன்னாடியே செஞ்சு வைக்க முடியுமா?

பாதி வேலையை முன்பே முடிக்கலாம். காலையிலேயே கறியைத் தட்டி, இடையில் பிளாஸ்டிக் விரித்து அடுக்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். எலும்புத் தண்ணீரையும் முன்பே காய்ச்சி, பாதியாக வற்றவைத்து வைத்துவிடலாம். எலுமிச்சையைப் பிழிந்து வடிகட்டி மூடி வைக்கலாம். மாவு புரட்டுவது மட்டும் வறுக்கும் நேரத்தில்தான், காரணம் மைதா கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

விருந்தினர் வந்த பிறகு இரண்டு அடுப்பில் இரண்டு பாத்திரம் வைத்து வறுத்துத் தள்ளுங்கள். வறுத்ததைக் குவித்து வைத்தால் ஆவியில் ஊறிவிடும், கம்பி வலைத்தட்டில் பரப்பி வையுங்கள். சாஸை எல்லோரும் உட்கார்ந்த பிறகு தனியாக ஒரு பெரிய பாத்திரத்தில் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. சாஸை முன்பே செய்துவிட்டுச் சூடுபடுத்தலாம் என்று நினைத்தால், மேலே சொன்னபடி பிரிந்துவிடும்.

மிஞ்சினா மறுநாள் வச்சு சாப்பிடலாமா?

சாப்பிடலாம், ஆனால் சீக்கிரம் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். பொதுவாகச் சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கக்கூடாது. 32 டிகிரிக்குமேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் வருஷத்தில் பெரும்பாலான மதியங்கள் அப்படித்தான். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். சூடாக்கும்போது ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, சிறு தீயில், ஆவி பறக்கும் வரை நன்றாகச் சூடாக்குங்கள். சாஸ் கொஞ்சம் பிரிவதைத் தவிர்க்க முடியாது. நான் மிஞ்சியதை மெல்லிசாக நறுக்கி, வெங்காயத்தோடு பன்னுக்குள் வைத்துக் கொடுத்துவிடுவேன்.

இதே சாஸ் மீனுக்கு ஆகுமா? பன்னீருக்கு?

மீனுக்குப் பிரமாதமாக ஆகும். காசிமேட்டில் வஞ்சிரமோ கொடுவாவோ வாங்கும்போது முள் நீக்கி, பக்கவாட்டில் சீவித் தரச் சொல்லுங்கள். தட்ட வேண்டாம், ஈரத்தை மட்டும் ஒற்றி, அதே மாவில் புரட்டி, பக்கத்துக்கு இரண்டு நிமிடம். எலும்புத் தண்ணீருக்குப் பதில் வெறும் தண்ணீர் போதும், அரை கப். மீன் உடையும் என்பதால் சாஸில் போட்டுப் புரட்டாமல் மேலே ஊற்றுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது பெரிய மீன் வரத்துக் குறையும், விலையும் ஏறும். அந்த இரண்டு மாதம் கோழிக்கு.

பன்னீரை விரல் கனத்துக்குப் பட்டையாக வெட்டி, ஒற்றி, மாவில் புரட்டி, பக்கத்துக்கு ஒரு நிமிடம் சிவக்க விட்டால் போதும். காலிஃபிளவரைத் தண்டோடு தடித்த வில்லையாக வெட்டி, உப்புத் தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து, நன்றாக ஆறி ஈரம் போன பிறகு புரட்டி வறுங்கள். இரண்டுக்கும் காய்கறி வேகவைத்த தண்ணீரைச் சாஸுக்கு எடுத்துக்கொள்ளலாம். கறி வறுத்த எண்ணெயிலேயே வறுத்துவிடாதீர்கள், சைவம் சாப்பிடுபவர்களுக்கு முதலில் அவர்களுடையதைச் செய்துவிட்டு, பிறகு கோழியை எடுங்கள்.